குகை சொன்ன பெயர்

ஆற்றங்கரை மடத்தில் திருமேனிக்கு ஒரே வேலைதான். வழிப்போக்கர்கள் கொண்டுவரும் சேதிகளைக் கேட்டு, அவற்றைக் காலையில் ஊர்ச் சாவடியில் போய்ச் சொல்ல வேண்டும். தலை நரைத்த மனிதர், மடத்து ஆள் வேறு. அவர் சொல்லிவிட்டால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

அன்று காலை அவர் சொன்ன சேதி இது: காணாமல் போன குயவர் வீட்டுப் பிள்ளையை ஓடக்காரன் பொன்னுரங்கன்தான் தூக்கிக்கொண்டு போனான். உச்சி வேளைக்குள் அவனைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள். பொழுது சாய்ந்ததும் இடுப்பில் கல்லைக் கட்டி ஆற்றில் இறக்கப் போகிறார்கள். கரையில் பறை அடிக்கத் தொடங்கியிருந்தது. அது நின்றால் ஆளை இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அந்தச் சத்தம் கேட்டதும் திருமேனி குருவிடம் போய் நின்றார். குரு வேலம்மை அவரைவிட வயதில் இளையவர்.

"அம்மா, ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சேதி சொன்னா யாரை நம்புறது?"

"யாரு அந்த ரெண்டு பேரு?"

"பொன்னுரங்கன் ஓடத்துல பிள்ளையைப் பார்த்ததா வளையல்காரர் சொன்னார். பிள்ளை தனியாக் காட்டுப் பக்கம் போச்சுன்னு ஆட்டுக்காரர் சொன்னார்."

"ஊர்ல ரெண்டையும் சொன்னீங்களா?"

"ஆட்டுக்காரர் பேச்சு நம்புற மாதிரி இல்லைம்மா."

வேலம்மை மடத்துக்குப் பின்னால் இருந்த குகையைக் காட்டினார். முந்தைய குரு சமாதியான இடம். கேட்டால் உள்ளிருந்து பதில் வரும் என்பார்கள். பட்டப்பகலில்கூட அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

"உள்ளே போய்க் கேட்டுட்டு வாங்க."

குகைக்குள் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. திருமேனி சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளையைத் தூக்கினது யாரு?"

"பொன்னுரங்கன்."

காதோரத்தில், மூச்சு படும் அளவுக்குப் பக்கத்தில் கேட்டது. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. ஆனால் எங்கோ கேட்டுப் பழகிய குரல். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தப் பயத்திலும் ஒரு நிம்மதி வந்தது. வெளியே ஓடி வந்து சொன்னார்.

வேலம்மை வலது கையை மூடிக்கொண்டார். "இன்னொரு தடவை போங்க. என் கைக்குள்ள என்ன இருக்குன்னு கேளுங்க."

திருமேனி கேட்டார். பதில் இல்லை. சத்தமாகக் கேட்டார். அப்போதும் இல்லை. காதோரத்தில் அந்த மூச்சு மட்டும் இருந்தது. அவரே பதில் சொல்லட்டும் என்று அது காத்திருப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. விழுந்தடித்து வெளியே வந்தார்.

"சொல்லலைம்மா."

வேலம்மை கையை விரித்தார். ஒரு புளியங்கொட்டை.

"ஆத்துல நடந்ததெல்லாம் அதுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியாத இது மட்டும் தெரியலையா?"

பறை வேகம் பிடித்தது.

"பொன்னுரங்கன் உங்களை என்ன செஞ்சான்?"

திருமேனி தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"ஒரு தடவை ஓடம் ஆடினப்ப பயந்து கத்திட்டேன். 'சாமிக்கு உயிர்மேல இம்புட்டு ஆசையா'ன்னு கேட்டான். ஓடத்துல இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க."

சொல்லி முடித்ததும் அவருக்கு அவமானமாக இருந்தது. ஒரு சிரிப்புக்காகவா ஓர் உயிர்? துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஆட்டுக்காரர் சொன்னதையும் போய்ச் சொல்லிடறேன்ம்மா. நான் மறைச்சதையும் சொல்லிடறேன்."

ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். பின்னாலேயே வேலம்மையும் வருவதைக் கண்டு திகைத்தார்.

"நீங்க எதுக்கும்மா வர்றீங்க? தப்பு என்னோடது."

"அந்தக் குகை என்கிட்டயும் பேசும்" என்றார் வேலம்மை, நடையை நிறுத்தாமல். "திருமேனி எதையும் மறைக்க மாட்டார்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நானும் நம்பிட்டேன்."