பதினான்கு கால்கள்

அன்று மாலை கூடத்தில் இருந்தவர்கள்: யோகா ஆசிரியர் பயிற்சி நடத்தும் மாஸ்டர் அறவாழி. அவரைவிடப் பதினாறு வயது மூத்த சிஷ்யை சொர்ணவல்லி. அவளோடு பயிற்சிக்கு வந்த தையற்காரர் மணவாளன், அவர் மனைவி பூரணி, பேங்கில் வேலை பார்க்கும் டேவிட், லாரி ஓட்டிய முத்தையா, கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள். ஆக எட்டுப் பேர். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதைச் சேர்க்கவில்லை.

பயிற்சியின் முப்பதாவது நாள் அது. வகுப்பை நடத்திக் காட்ட வேண்டியது சொர்ணவல்லியின் முறை. ஊரில் வாடகைக்கு ஒரு மாடி பார்த்து வைத்துவிட்டாள். தை பிறந்ததும் வகுப்பு என்று இருபது பெண்களிடம் சொல்லியும் விட்டாள். சான்றிதழில் மாஸ்டரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அதற்கு ஒரு விதி உண்டு. வகுப்பின் முடிவில் எல்லாரையும் சவாசனத்தில் படுக்கவைத்து, எழுப்பி அனுப்பிவிட்டு, கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து தர வேண்டும். உள்ளே யாரும் மீதி இருக்கக் கூடாது.

"இது எனக்குப் புதுசா, மாஸ்டர்?" என்று சிரித்தாள் சொர்ணவல்லி.

பெண்கள் விடுதியில் முப்பத்தொரு வருடம் வார்டனாக இருந்தவள். தலையை எண்ணவே மாட்டாள். தலையணையைப் போர்த்திப் படுக்கவைத்துவிட்டு சினிமாவுக்குப் போகிற பெண்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! போர்வை நுனியைத் தூக்கிக் காலைத்தான் எண்ணுவாள்.

போன இருபத்தொன்பது நாளும் மற்றவர்கள் சவாசனத்தில் கிடந்தபோது அவள் ஒரு நாளும் படுத்ததில்லை. ஜன்னலைச் சாத்துவாள். யாருக்காவது போர்வையை இழுத்துவிடுவாள். மாஸ்டர் ஏன் என்று கேட்டதில்லை.

"லேட்டா எழுந்தா ஃபைன் உண்டா, வார்டனம்மா?" என்றார் டேவிட்.

"லேட்டா எழுந்தா இல்ல. குறட்டை விட்டா உண்டு" என்று முத்தையாவைப் பார்த்தாள்.

வகுப்பு நன்றாகவே போனது. கடைசியில் ஆறு பேரும் மல்லாந்து படுத்தார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. மாஸ்டர் எழுந்து வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

"பாதத்தைத் தளர விடுங்க. இனிமே நீங்க தாங்க வேண்டியது ஒண்ணுமில்ல" என்றாள். சொல்லிக்கொண்டே பழக்கத்தில் எண்ணினாள்.

பன்னிரண்டு வர வேண்டும். பதினான்கு வந்தது.

மறுபடி எண்ணினாள். பதினான்கு. வழக்கமில்லாத வழக்கமாகத் தலையை எண்ணினாள். ஆறு.

பூரணிக்கு அப்பால், சுவரோரம், ஏழாவதாக ஒரு பாய் விரிந்திருந்தது. அதை அவள் விரிக்கவில்லை. அதில் கிடந்த உருவத்தின் முகத்தைப் போர்வை மூடியிருந்தது. கால் மட்டும் வெளியே தெரிந்தது.

குனிந்து தொட்டாள். ஜில்லென்றிருந்தது. கணுக்கால் வீங்கி, குதிகால் வெடித்து, இரண்டாவது விரலில் மெட்டியை அறுத்தெடுத்த வெளிறிய தடம்.

தன் காலைப் பார்த்தாள். அதே விரல். அதே தடம்.

போர்வையை விலக்கிப் பார்க்கக் கை வரவில்லை. வாசலுக்குப் போனாள்.

"மாஸ்டர், ஒருத்தங்க கூடுதலா இருக்காங்க."

"முகத்தைப் பாத்தீங்களா?"

"எனக்குக் கால் போதும்."

அவர் தலையாட்டினார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்க வந்த நாள்லேர்ந்து அங்கதான் கிடக்காங்க. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நீங்க சுத்திக்கிட்டுத்தான் போவீங்க."

அவள் உள்ளே வந்து மணி அடித்தாள். ஆறு பேர் எழுந்தார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த பூரணி, "இந்த மூலை மட்டும் ஏங்க இப்படிக் குளிருது?" என்று புருஷனிடம் கேட்டாள். எல்லாரும் போனார்கள். போன கால்கள் பன்னிரண்டு.

"எழுந்திரும்மா" என்றாள் சொர்ணவல்லி. அசைவில்லை. விடுதியே நடுங்கிய அந்தக் குரலில் இன்னொரு முறை சொன்னாள். கால்விரல்கள் மட்டும் ஒரு முறை மடங்கி நிமிர்ந்தன.

"எழுந்திருக்க மாட்டேங்கறாங்க, மாஸ்டர். நான் பூட்டிச் சாவி தரணுமே. இருபது பேர்கிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்."

"எத்தனை வருஷம் நின்ன காலு அது?"

அவளுக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. "முப்பத்தொண்ணு" என்றாள்.

"பக்கத்துல இடம் இருக்கா பாருங்க."

மழை பிடித்துக்கொண்டது. சொர்ணவல்லி சாவியைத் தரையில் வைத்தாள். அந்த இரண்டு காலையும் மடியில் எடுத்து, சூடு வரும்வரை பிடித்துவிட்டாள். பிறகு போர்வையை இழுத்து அவற்றை மூடினாள். அதே போர்வைக்குள், அதே பாயில், ஒட்டினாற்போலப் படுத்துக் கண்ணை மூடினாள்.

எவ்வளவு நேரம் என்று அவள் எண்ணவில்லை. மழை விட்டிருந்தது.

"மாஸ்டர்" என்றாள், கண்ணைத் திறக்காமல். "கொஞ்சம் எண்ணிப் பாருங்களேன். நாலு இருக்கா?"

அவர் உள்ளே வந்தார். போர்வை நுனியைத் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டு."