மருக்கொழுந்துக்கு வைத்த கொள்ளு வில்லை

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள். காலை ஆட்டாதே. நடுநடுவே "ம்" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீ தூங்கிவிட்டாய் என்று எடுத்துக்கொண்டு நான் கதையை நிறுத்திவிடுவேன். சரியா?

"சரி, அத்தை."

ஒரே ஒரு ஊர். அந்த ஊரில் ஒரே ஒரு குதிரை. குதிரையின் பெயர் மருக்கொழுந்து. அதை வைத்திருந்தவர் சடையப்பன். ஊரில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் மாப்பிள்ளை அதன் மேல் ஏறித்தான் பந்தலுக்கு வருவார். டக்டக், டக்டக், டக்டக்.

"ம்."

அந்த ஊர்க்காரர்கள் மிகவும் புத்திசாலிகள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒத்துப்போவார்களா என்பதை அவ்விருவரிடமும் கேட்க மாட்டார்கள்; குதிரையிடம் கேட்பார்கள். பெண் வீட்டார் ஒரு தட்டில் தின்பண்டம் நீட்ட வேண்டும். குதிரை தின்றால் கல்யாணம் சுபம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடலாம். இவ்வளவு நம்பகமான சாஸ்திரம் வேறெங்கும் கிடையாது.

முதலில் ஒரு துண்டு வெல்லம்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மளிகைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. "நாங்க என்ன வெல்லம் குடுக்கற வீடா?" என்று ஒரு தட்டு லட்டு நீட்டினார்கள். லபக், லபக், லபக். தட்டு காலி. மறுநாள் மருக்கொழுந்து டக்டக், டொக் என்று நடந்தது.

அப்புறம் மிராசுதார் வீட்டுக் கல்யாணம். லட்டுக்குக் குறைந்தால் மானம் போய்விடுமே! நெய் சொட்டச் சொட்ட அதிரசம். லபக், லபக், லபக். மறுநாள் டக், டொக், டொக்.

அப்புறம் வக்கீல் வீட்டுக் கல்யாணம். அங்கே மைசூர்பாகு. மறுநாள் டொக். அவ்வளவுதான், அதற்கு மேல் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

"ஏன் அத்தை? கால் வலியா?"

ஆமாம், கண்ணு. குதிரை புல் தின்னப் பிறந்தது. அளவில்லாமல் இனிப்புத் தின்றால் அதன் குளம்புக்குள் சூடு இறங்கி, தரையில் கால் ஊன்ற முடியாமல் போய்விடும். வைத்தியர் வந்தார். நான்கு குளம்புகளையும் தொட்டுப் பார்த்தார். "இன்னும் ஒரு தட்டு இனிப்பு தின்னுச்சுன்னா இது படுத்துடும், சடையப்பா. அப்புறம் எழுந்திருக்காது" என்றார். சடையப்பன் கண் கலங்கினார். உடனே வைத்தியருக்கு மரியாதை செய்ய வேண்டுமே என்று ஒரு தட்டு மைசூர்பாகு கொடுத்து அனுப்பினார். வீட்டில் அது நிறைய இருந்தது. குதிரைக்கு ஒரு தட்டு வந்தால், குதிரைக்காரருக்கு இரண்டு தட்டு வரும், அதுதான் வழக்கம்.

இனிப்பு குதிரைக்கு ஆகாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதலில் குறைத்துக் கொடுப்பவர் யார்? அதற்கு மட்டும் ஆள் இல்லை.

"ம்... அப்புறம்?"

அப்புறம்தான் வேடிக்கை. சடையப்பனின் மகள் வடிவாம்பாளுக்கே கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பக்கத்து ஊர்க் கதிரேசன். கதிரேசனின் பெரியம்மா சௌந்தரம் வந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "வக்கீல் வீட்டுலயே மைசூர்பாகாம். நீங்க குதிரைக்கே சொந்தக்காரங்க. அல்வாவுக்குக் குறைஞ்சு எதையாவது நீட்டினீங்கன்னா, நாங்க அப்படியே திரும்பிடுவோம்."

"அதுக்கென்னங்க சம்பந்தி, அல்வாதான்" என்றார் சடையப்பன். அவருக்கு "இல்லை" என்ற சொல் வாயில் வராது.

வடிவு மட்டும் கொட்டிலுக்குப் போனாள். மருக்கொழுந்து அவள் தோளில் மூக்கை வைத்து, ஃபுர்ர்ர் என்றது. அது குட்டியாக இருந்தபோது சங்கில் பால் புகட்டியவள் அவள். அவள் அல்வா நீட்டினால் குதிரை போய்விடும். நீட்டாவிட்டால் கல்யாணம் போய்விடும்.

"ஐயோ! என்ன பண்ணினா?"

கல்யாணத்தன்று காலையில் அடுப்பை மூட்டினாள். இரவு ஊறிய கொள்ளைக் குழைய வேகவைத்து, கடகடவென்று மசித்தாள். கோதுமைத் தவிடு போட்டாள். கேரட்டைச் சரக் சரக்கென்று துருவிப் போட்டாள். ஆளி விதையைப் பொடித்துத் தூவி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தாள். சர்க்கரை இல்லை, வெல்லம் இல்லை, நெய் இல்லை. உருண்டையாக இருந்தால் தொண்டையில் அடைக்கும் என்று நெல்லிக்காய் அளவு கிள்ளி, மெல்லிய வில்லையாகத் தட்டி, தோசைக்கல்லில் மொறுமொறுவென்று வாட்டி, ஆறவைத்தாள்.

சடையப்பன் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? கல்யாணத்தை நிறுத்தறதுக்கா?"

"குதிரைக்குத் தீனிப்பா."

"தீனியா? மானம் போயிடும்மா!"

"உயிர் போனா வருமாப்பா? மானம் அடுத்த கல்யாணத்துல வந்துடும்."

"ம்."

மாலையில் மேளம் முழங்கியது. டும்டும், டும்டும். ஊர்க்கோடியில் மாப்பிள்ளை நிற்கிறார், பக்கத்தில், நொண்டி நொண்டி வந்து சேர்ந்த மருக்கொழுந்து ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறது. அப்போது வடிவு தட்டோடு தானே வந்தாள். மணப்பெண் அப்படி வெளியே வரக்கூடாதாம். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சௌந்தரம் தட்டைக் குனிந்து பார்த்தார். "என்னடி இது, வறட்டியா?"

"கொள்ளு வில்லைங்க, அத்தை."

"கொள்ளா! குதிரைக்குக் கொள்ளா?" சௌந்தரம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கேட்டீங்களா ஊர்க்காரங்களே! குதிரைக்குப் போய்க் கொள்ளு குடுக்கறாங்களாம்! எங்கயாவது உண்டா இந்த அநியாயம்?"

எங்கேயும் இல்லை என்று ஊரே தலையசைத்தது.

"நல்ல வேளை, நானே ஒரு தட்டு அல்வா கிண்டிக் கொண்டு வந்தேன்" என்று சொல்லி, பளபளவென்று நெய் வழியும் தட்டைக் குதிரையின் மூக்குக்கு நேரே நீட்டினார். மருக்கொழுந்துக்கு என்ன தெரியும், பாவம்! கழுத்தை நீட்டியது. நாக்கைச் சுழற்றியது.

வடிவு சடாரென்று நடுவில் புகுந்து, குதிரையின் வாயைத் தன் தோளால் மறைத்தாள். "வேண்டாங்க. தின்னா செத்துப்போகும். குளம்பைத் தொட்டுப் பாருங்க."

"ஒரு தட்டு அல்வாவுல எவ செத்தா? நகருடி. நகரலைன்னா கல்யாணம் இல்ல."

மேளம் நின்றது. சடையப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வடிவின் கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் அவள் நகரவில்லை. "அப்ப கல்யாணம் வேண்டாங்க" என்றாள்.

"நிஜமாவா, அத்தை?"

நிஜமாகத்தான். அப்போதுதான் கதிரேசன், அதுவரை யாரும் எதையும் கேட்காத அந்த மாப்பிள்ளை, பட்டு வேட்டியோடு மண்ணில் மண்டியிட்டுக் குளம்பைத் தொட்டார். வெடுக்கென்று கையை எடுத்தார். "பெரியம்மா, கொதிக்குது. நான் நடந்தே வர்றேன்."

"நடந்து வர்றவன் மாப்பிள்ளையாடா? தயிர்க்காரன்!"

"இருக்கட்டும். காலையில இருந்து எல்லாரும் குதிரைக்கு என்ன குடுக்கறதுன்னுதான் பேசறீங்க. எனக்கு ஒரு வாய் சோறு போட ஆளில்ல." தட்டிலிருந்து ஒரு வில்லையை எடுத்து நறுக்கென்று கடித்தார். "உப்பு கொஞ்சம் கம்மி."

"குதிரைக்கு அளந்தது" என்றாள் வடிவு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அப்புறம் அவள் உள்ளங்கையை விரித்து இரண்டு வில்லைகளை நீட்டினாள். மருக்கொழுந்து முகர்ந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மொறுக். மொறுக். தின்றுவிட்டது! சாஸ்திரம் சாஸ்திரம்தானே? கல்யாணம் சுபம் என்று மேளம் மறுபடியும் முழங்கியது. மறுத்துப் பேசச் சௌந்தரத்துக்கு வழியில்லை; வீணாகக்கூடாதே என்று அவர் வாய் நிறைய அல்வா இருந்தது.

"ஹி ஹி. அப்புறம் ஊர்க்காரங்க திருந்திட்டாங்களா?"

அவர்களா? கேள். புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது வடிவு சொன்னாள்: "அப்பா, எனக்குச் சீர் எதுவும் வேண்டாம். நான் போனதும் நீங்க மறுபடியும் தட்டு வாங்குவீங்க. மருக்கொழுந்தை ஓட்டிக்கிட்டுப் போறேன்." சடையப்பனுக்கு "இல்லை" என்ற சொல்தான் வராதே! குதிரை மெல்ல மெல்ல அவளோடு போயிற்று. பச்சைப் புல்லும் நல்ல தண்ணீரும், எப்போதாவது இரண்டு வில்லையும். மாதங்கள் போகப்போகக் குளம்பு ஆறியது. டக்டக், டக்டக்.

ஊருக்கு இப்போது குதிரை இல்லை. அதனால் எல்லோரும் கூடி யோசித்து, ஒரு மரக்குதிரை செய்து வைத்தார்கள். ஒவ்வொரு கல்யாணத்திலும் அதன் வாயில் லட்டைப் பூசுகிறார்கள். அது முகத்தைத் திருப்புவதே இல்லை. ஆகையால் எல்லாக் கல்யாணமும் சுபம். அந்த ஊர்ச் சிற்றெறும்புகளைப் பார்க்க வேண்டுமே, ஒவ்வொன்றும் கட்டெறும்பு பருமன்!

"ம்ம்..."

குதிரை கொட்டிலுக்குப் போயிற்று, எறும்பு புற்றுக்குப் போயிற்று. கதையும் போயிற்று. நீ மட்டும் ஏன் விழித்திருக்கிறாய்? கண்ணை மூடு.