சும்மா இருக்கிற வேலை

"அம்மா, கண்ணை மூடினா ஆச்சிதான் வாறாவ. மறக்கிறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

இதைக் கேட்டபோது மாசானமுத்துவுக்கு நாற்பத்தெட்டு வயது. கேட்டது, தன்னைவிட ஒன்பது வயது இளைய ஒரு பெண்ணிடம்.

பொதிகை மலையடிவாரத்தில் ஓட்டுக்கூரை போட்ட சின்ன ஆசிரமம் அது. அங்கே எல்லோருக்கும் அவர் அம்மை. குரு.

மாசானமுத்துவை வளர்த்த பாட்டி, பேச்சிக்கனி ஆச்சி, தொண்ணூற்று மூன்று வயதில் போய்ச் சேர்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. ஊருக்குப் போய்க் காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பியிருந்தான். அன்றிலிருந்து தியானத்தில் மனம் நிற்கவில்லை.

"எப்படிப்பட்டவங்க? சொல்லுங்க அண்ணாச்சி. நானும் பார்க்கேன்" என்றார் அம்மை.

"தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துல வேலை பார்த்தாவ. பதினோரு வயசுல இறங்கினவ, எண்பத்தஞ்சு வரைக்கும் விடல. கடுமையான உழைப்பாளி. எங்க அம்மா போன பிறகு அவதான் என்னைய வளர்த்தாவ."

"அப்புறம்?"

"நல்லவ."

"அப்புறம்?"

யோசித்தான். "கருவாட்டுக் குழம்பு நல்லா வைப்பாவ."

"அப்புறம்?"

அவனிடம் வேறு ஒன்றும் இல்லை.

"தொண்ணூத்தி மூணு வருஷம் இவ்வளவுதானா?"

மாசானமுத்துவுக்குச் சுருக்கென்றது.

"நீங்க அவங்களை இன்னும் நினைக்கவே ஆரம்பிக்கலயே. பிறகு எதை மறக்கப் போறீங்க?" என்றார் அம்மை. "உப்பளத்துக்குப் போங்க. உங்களுக்குத் தெரியாத ஆச்சி அங்க இருப்பாங்க. கேட்டுட்டு வாங்க."

"அங்க மட்டும் போகச் சொல்லாதீங்கம்மா."

"ஏன்?"

"தொண்ணூறு வயசுக் கிழவியத் தனியா விட்டுட்டு இங்க வந்தவன் நான். சாவு வீட்டுலகூட ஒருத்தர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கல. ஓடிப்போனவன்னுதான் நினைச்சிருப்பாவ." குரல் தாழ்ந்தது. "ஆச்சியும் அப்படித்தான் நினைச்சிருப்பாவ."

அம்மை உள்ளே போய், இலையில் கட்டிய இட்லிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார்.

"முதல் பஸ் ஆறு மணிக்கு."

•

உப்பளம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தது. ஆறேழு பெண்கள் பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி சுடலைவடிவு. ஆச்சியின் பக்கத்தில் நின்று முப்பது வருஷம் வேலை பார்த்தவள். அவனைக் கண்டதும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்னன்னு தெரியுதா தம்பி?"

கணுக்கால் வரை ஏறிய கறுப்பு உறை.

"ரப்பர் செருப்பா?"

"உங்க ஆச்சி தச்சது. லாரி டியூப். உப்புத்தண்ணி பட்டுப் பட்டு எங்க காலெல்லாம் வெடிச்சுக் கிடக்கும். அதப் பார்த்துட்டு ஆரம்பிச்சாவ. முதல்ல தச்சது பொருந்தல. ரெண்டாவது நடக்கையில கிழிஞ்சிட்டு. ஏழாவதுதான் நின்னுது. இப்ப இந்தக் கரையில எல்லார் கால்லயும் கிடக்கது அவ தச்சதுதான்."

மற்றவர்களும் உப்பு வாரும் பலகையைச் சாய்த்துவிட்டு வந்தார்கள்.

"என் கல்யாணத்தப்போ நல்ல பஞ்சம்" என்றாள் ஒருத்தி. "பூவுக்கு எங்க போக? உங்க ஆச்சி உடைமரத்து முள்ளுக் கொப்பா ஒடிச்சுக் கொண்டுபோய் உப்பு முத்தின கடைசிப் பாத்தித் தண்ணியில ஊறப் போட்டாவ. அஞ்சு நாளையில முள்ளுக்கு முள்ளு உப்பு பூத்துட்டு. மணவறை பூராவும் அதுதான். சம்பந்தகாரர் ஒருத்தர் நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தாரு."

"கங்காணிப் பாட்டைச் சொல்லேன்" என்றாள் இன்னொருத்தி.

"அதுவா? கங்காணியக் கேலி பண்ணி உங்க ஆச்சி ஒரு பாட்டுக் கட்டினாவ. ராகம் நல்லா இருந்ததா, தன்னையப் பத்தின்னு தெரியாம அவரே பாடிக்கிட்டுப் போவாரு. நாங்க பாத்தியில குனிஞ்சவ நிமிரமாட்டோம்."

மாசானமுத்து சிரித்துவிட்டான். ஆச்சி போன பிறகு அன்றுதான் சிரித்தான். சிரித்த வேகத்திலேயே, கேட்கப் பயந்ததையும் கேட்டான்.

"என்னையப் பத்தி ஏதாவது சொன்னாவளா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லாம இருப்பாவளா?" என்றாள் சுடலைவடிவு. "பாத்தியில இறங்குறத விட்ட பிறகும் தினம் கொட்டகைக்கு வந்திருவாவ. உட்கார்ந்து டியூப் வெட்டிக்கிட்டு இருப்பாவ. நீ போன மறு மாசம் ஒருத்தி கேட்டா, உங்க பேரன் எங்கன்னு. பெரிய வேலைக்குப் போயிருக்கான்னு சொன்னாவ. என்ன வேலைன்னு கேட்டா. சும்மா இருக்கிற வேலைன்னாவ."

"சும்மா இருக்கிற வேலையா?"

"நாங்களும் இப்படித்தான் கேட்டுச் சிரிச்சோம். ஆச்சிக்குக் கோவம் வந்துட்டு. 'சிரிக்காதிய. அது என்ன லேசுன்னு நினைச்சியளா? நான் ஒரு நாள் இருந்து பார்க்கேன், அப்பத் தெரியும்'னாவ."

"இருந்தாவளா?"

"இருந்தாவளே. மறுநாள் காலையில வந்து, கத்திரியத் தூர வச்சுட்டுக் கண்ண மூடி உட்கார்ந்தாவ. கண்ணு மூடிட்டு, கை மூடல. சேலை முந்தியப் பிடிச்சுத் திரிக்குது. பார்த்தாவ, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அமுக்கிக்கிட்டாவ. வேர்த்து ஊத்துது. ஆனா எந்திரிக்கல."

மாசானமுத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

•

மறுநாள் ஆசிரமத்தில் எல்லாவற்றையும் சொன்னான். டியூபை, உப்புப் பூவை, கங்காணியின் பாட்டை. தெரிந்தவரைக்கும் அந்தப் பாட்டைப் பாடியும் காட்டினான். அம்மை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு ஆச்சி சும்மா உட்கார்ந்த கதையைச் சொன்னான். அம்மையின் சிரிப்பு நின்றது.

"எவ்வளவு நேரம் இருந்தாங்க?"

"மத்தியானம் வரைக்கும். அப்ப பாத்தியில ஒருத்தி கால உப்பு அறுத்துட்டு. அவ போட்ட சத்தத்துல ஆச்சி எந்திரிச்சுப் போய், சேலையக் கிழிச்சுக் கட்டுப் போட்டாவளாம்."

"மறுபடி வந்து உட்காரலையா?"

"இல்லம்மா."

"ஏதாவது சொன்னாங்களா?"

மாசானமுத்து தலையை ஆட்டினான்.

"'எனக்கு இது வராது. எனக்கும் சேர்த்து அவன் இருக்கட்டும். அவனுக்கும் சேர்த்து நான் வேலை பார்க்கேன்' அப்படின்னு சொல்லிட்டுக் கத்திரிய எடுத்தாவளாம்."

அம்மை, குருவுக்கென்று போட்டிருந்த பலகையிலிருந்து எழுந்தார். "உப்பளம் எந்தப் பக்கம், அண்ணாச்சி?"

அவன் கிழக்கே கைகாட்டினான்.

அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு பலகைக்குப் போகாமல், அவன் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.