மூலையில் ஒரு முகம்

தமயந்தி இறந்தவர்களுக்குப் படம் செய்பவள்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒருவர் இறந்துவிட்டால், காரியத்தன்று மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். பல பேருக்கு அப்படிப் படம் இருப்பதில்லை. கல்யாண வீட்டுக் கும்பலில் பின்வரிசையில் பாதி முகம் இருக்கும். ரேஷன் அட்டையில் கரி பூசியது மாதிரி ஒன்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு கணினியில் முகத்தை மீட்டெடுப்பாள். மூடிய கண்ணைத் திறந்து வைப்பாள். கிழிந்த பனியனைக் கழற்றி வெள்ளைச் சட்டை போட்டுவிடுவாள்.

எந்த ஸ்டூடியோவிலும் அவள் சம்பளத்துக்கு இல்லை. பழைய போட்டோவை ஜனங்கள் இருளப்பனின் பிரேம் கடையில் கொடுப்பார்கள், படத்தையும் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். செய்தவளை யாரும் பார்த்ததில்லை. அவளும் தன் பெயரைப் படத்தில் போட்டதில்லை.

சங்கமித்ரா அவளிடம் தொழில் கற்க வந்தவள். குருவைவிட இரண்டு வயது மூத்தவள். அதனால் 'குருவே' என்று அவள் கூப்பிட்டால் அதில் பாதி மரியாதை, பாதி நக்கல்.

ஒரு நாள் பஜாரிலிருந்து கொதித்துப்போய் வந்தாள்.

"குருவே, நீ செஞ்ச படத்தை ஒரு ஸ்டூடியோக்காரன் கண்ணாடிக்குள்ள மாட்டி வச்சிருக்கான். கீழே அவன் பேரு. தெரியுமா?"

"தெரியும்."

"கோபம் வரலையா?"

"வருது."

"வந்து?"

"அடுத்த படத்தைச் செய்றேன்."

"இப்படி இருந்தா இப்படித்தான் நடக்கும். கல்யாணப் போட்டோக்காரன் பொண்ணு கன்னத்து மேலேயே பேரைப் போடுறான். பிஸ்கட்டுல கூடப் பேரை அழுத்தி வைக்கிறாங்க. தனியா உக்காந்து தொழில் செய்றவளுக்கு மட்டும் ஒரு லோகோ, ஒரு அடையாளம் இருக்கக் கூடாதா? பொம்பளை செஞ்ச வேலைன்னா யார் செஞ்சான்னே தெரியாமப் போயிடணுமா? உனக்கு வேண்டாம்னா போ. என்னை நாலு பேருக்குத் தெரியணும். நீயே சொல்லு, லோகோ வேணுமா வேணாமா?"

தமயந்தி எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள்.

"செஞ்சு பாரு."

சங்கமித்ரா தன் முகத்தையே லோகோ ஆக்கினாள். ஒரு வட்டத்துக்குள் கோட்டோவியமாக ஒரு தலை. நடுவகிடு. நேராகப் பார்க்கும் கண்கள். எழுத்து எதுவும் வைக்கவில்லை. நல்ல லோகோவுக்கு எழுத்து தேவைப்படாது என்று எங்கோ படித்திருந்தாள். அடர்சிவப்பில், ஒரு ரூபாய்க் காசு அளவில், படத்தின் வலது மூலையில் அதை வைத்தாள்.

"எப்படி இருக்கு?"

"உன்னை மாதிரியே இருக்கு. நீ அப்பப்பக் கண்ணைச் சிமிட்டுவே, அவ்வளவுதான்."

"லொள்ளு."

அதன்பின் அவள் செய்த எல்லாப் படத்திலும் அந்த முகம் இருந்தது.

சில மாதங்களில் இருளப்பன் போன் செய்ய ஆரம்பித்தார். மூலையில் பொண்ணு முகம் வருகிற படம்தான் வேண்டும் என்று கேட்கிறார்களாம். வேறு இடத்தில் செய்து வீட்டில் மாட்டிய பழைய படங்களைக் கூடக் கழற்றிக்கொண்டு வருகிறார்களாம்.

சங்கமித்ரா மேசையைத் தட்டினாள். "பார்த்தியா? முகத்தைக் கேட்டு வர்றாங்க. இப்பவாவது ஒத்துக்கோ."

"நீ செஞ்ச படத்தை மாட்டியிருக்கிற வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கியா?"

"இல்லை. எதுக்கு?"

"வா."

நல்ல வெயில். வண்டியில் போகும்போது வழக்கம்போலத் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள் சங்கமித்ரா. கண் மட்டும் தெரிந்தது. இருளப்பன் சொன்ன அடையாளத்தை வைத்து ஒரு வீட்டுக்குப் போனார்கள். வீட்டுக்காரி பெயர் பஞ்சவர்ணம்.

"பிரேம் கடையிலிருந்து வர்றோம். சட்டம் சரியா இருக்கான்னு பார்த்துட்டுப் போறோம்" என்றாள் தமயந்தி.

சுவரில் பஞ்சவர்ணத்தின் மாமனார் இருந்தார். மாலை. நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். வலது மூலையில், கண்ணாடிக்கு மேலே, அந்தச் சின்ன முகத்தின் நெற்றியிலும் குங்குமம். ஒரு கண்ணி மல்லிகை ஒட்டியிருந்தது. கீழே பலகையில் கண்ணாடி வளையல், மடித்து வைத்த சிவப்புப் பாவாடை, அணையாத விளக்கு.

"இது யாரு?" என்றாள் தமயந்தி.

பஞ்சவர்ணம் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக் கன்னி தெய்வம். மாமாவுக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சாம். வயசுக்கு வந்த வருசமே கிணத்துல விழுந்து செத்துப்போச்சு. இத்தனை காலமா அதை நினைச்சு ஒரு விளக்குக் கூட யாரும் வைக்கலை. படம் செய்யக் குடுக்கையில அது இல்லை. வாங்கிட்டு வந்து பார்த்தா, அண்ணன் கூடவே வந்து நிக்குது."

"வேற வீட்டுலயும் வந்திருக்கா?"

"பக்கத்துத் தெருவுல வந்திருக்கு. அவுக வீட்டுக் கன்னி அது."

"முகம் ஒண்ணு போல இருக்கே."

"கன்னி எல்லாம் ஒரே சாயல்தான், ஆத்தா."

சங்கமித்ராவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. துப்பட்டாவை உருவி எறிந்தாள்.

"அக்கா, என்ன பேசுறீங்க? நல்லாப் பாருங்க. அது நான்தான்!"

பஞ்சவர்ணம் படத்தைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். நடுவகிட்டைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து அவள் புருஷன் வந்தான். வந்தவன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

"நான்தான்னு சொல்லிருச்சுய்யா" என்றாள் பஞ்சவர்ணம். "அது வாயாலயே சொல்லிருச்சு."

"ஐயோ, இல்லை! அது லோகோ. என் வேலைக்கு நான் போட்ட அடையாளம். உங்க மாமனார் கண்ணு மூடியிருந்துச்சு இல்ல? அதைத் திறந்து வச்சதே நான்தான்!"

"உன் அண்ணன் கண்ணைத் திறந்துவிட்டியா, தாயி?" அவன் கை கூப்பினான்.

"நான் உயிரோட இருக்கேங்க! காலேஜ்ல படிச்சவ. என் பேரு சங்கமித்ரா."

பஞ்சவர்ணம் அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் அழுதுவிட்டாள்.

"பேரையும் சொல்லிருச்சு. அது பேரு என்னன்னு சொல்ல இந்த வீட்டுல ஒரு ஆள் மிச்சமில்லாம இருந்துச்சே."

புருஷன் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். விழுந்தபடியே கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், சொல்லிரு. கிணத்துல நீயா விழுந்தியா? தள்ளிவிட்டாகளா?"

விளக்கு அசைந்தது. பஞ்சவர்ணம் மஞ்சள் தண்ணீரைச் செம்போடு கொண்டுவந்து அவள் காலில் ஊற்றக் குனிந்தாள். சங்கமித்ரா வெளியே ஓடினாள்.

தமயந்தி சாவியை வாங்கி வண்டியை எடுத்தாள்.

தமயந்தியின் வீட்டுக்கு வந்ததும் சங்கமித்ரா கேட்டாள்.

"எத்தனை வீட்டுல நான் செத்துப்போயிருக்கேன், குருவே?"

தமயந்தி கணினியைத் திறந்தாள்.

போன் அடித்தது. இருளப்பன். சங்கமித்ராவே எடுத்தாள்.

"யம்மா, புதுசா ஒரு சாவு. படம் கேக்குறாக. மூலையில அந்தப் புள்ளை கட்டாயம் இருக்கணுமாம்."

"அண்ணே, அது இல்லாமச் செஞ்சு தர்றேன். முகத்தை இன்னும் நல்லாக் கொண்டுவர்றேன். நானே உக்காந்து செய்றேன்."

"அது இல்லாட்டி யார் செஞ்சா என்னம்மா? ஸ்டூடியோவுலயே குடுத்துக்கிறோம்ங்கிறாக."

போனை வைத்தாள். திரையில் ஒரு படம் பாதி முடிந்து நின்றது. இறந்தவருக்கு இன்னும் கண் திறக்கவில்லை. மூலையில் இருந்த முகம் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு இந்த லோகோ வேண்டாம்" என்றாள். "எடுத்துடுறேன். எல்லாப் படத்துலயும் எடுத்துடுறேன். வீடு வீடாப் போயாவது எடுத்துடுறேன்."

"எடு. ஆனா கேட்டுட்டு எடு."

"யாருகிட்ட? அந்த வீட்டுக்காரங்ககிட்டயா?"

"இல்லை. கிணத்துல விழுந்தவகிட்ட" என்றாள் தமயந்தி. "இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் அவளுக்கு ஒரு முகமும் பேரும் கிடைச்சிருக்கு."