அசிஸ்டன்ஸ் கேட்ட மைனா

காட்டோரத்து விருந்தினர் மாளிகையின் கூரையில் பூவாயி என்ற மைனா கூடு கட்டியிருந்தது. அங்கே வந்து தங்கும் அதிகாரிகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே ஆங்கிலம் கற்றுக்கொண்டது. அதிலும் நீளமான சொற்கள் என்றால் அதற்கு உயிர். 'ஹெல்ப்' என்றாலும் உதவிதான், 'அசிஸ்டன்ஸ்' என்றாலும் உதவிதான். ஆனால் பூவாயி தவறிக்கூட 'ஹெல்ப்' என்று சொல்லாது.

"அதெல்லாம் சந்தைக்கடைப் பேச்சு. பெரிய இடத்தில் பழகியவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்" என்று தோழி தவிட்டுக்குருவியிடம் பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் நல்ல மழை. யானைக்குட்டி ஒன்று பாழடைந்த குழிக்குள் வழுக்கி விழுந்துவிட்டது. தாய் யானை தும்பிக்கையை நீட்டி நீட்டிப் பார்த்தது. எட்டவில்லை. குழிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

"பூவாயி, மாளிகையில் ஆட்கள் இருக்கிறார்களே. போய்ச் சொல்லேன்" என்று தவிட்டுக்குருவி பதறியது.

இரண்டும் பறந்தன. வராந்தாவில் வெளிநாட்டுப் பயணிகள் இருவரும் வனக்காவலர் ஒருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பூவாயி கைப்பிடிச் சுவரில் அமர்ந்து, தொண்டையைச் செருமி, "கைண்ட்லி ப்ரொவைட் அசிஸ்டன்ஸ்" என்றது.

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்போனில் படம் பிடித்தார்கள். ஒருவர் பிஸ்கட்டை உடைத்துப் போட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"நான் சரியாகத்தானே கேட்டேன்?" என்றது பூவாயி.

"சரியாகத்தான் கேட்டாய். ஆனால் யாருக்கோ ஆபத்து என்றே தோன்றவில்லையடி. கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி இருக்கிறது. அந்தச் சின்னச் சொல்லைச் சொல்லிப் பாரேன்."

பூவாயிக்கு நாக்குக் கூசியது. அதற்குள் குட்டி அலறும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், கௌரவமெல்லாம் பறந்துவிட்டது. "ஹெல்ப்! ஹெல்ப்!" என்று கத்திக்கொண்டே காட்டுப் பக்கம் பறந்தது.

சிரிப்பு நின்றது. மூவரும் டீயை அப்படியே வைத்துவிட்டு அதன் பின்னால் ஓடினார்கள்.

குழியைப் பார்த்ததும் காவலர் போன் போட்டு, மண்வெட்டியோடு ஆட்களை வரவழைத்தார். கரையைச் சரித்தால் குட்டி ஏறிவிடும். ஆனால் தாய் யானை யாரையும் கிட்டே விடவில்லை.

"ஏய், தள்ளிப் போ" என்று தவிட்டுக்குருவி கத்தியது.

யானை காதை விரித்தது. "யாரைப் பார்த்து ஏய் என்கிறாய்?" என்று ஓர் அடி முன்னால் வைத்தது. ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிதறினார்கள்.

பூவாயி மெல்ல அதன் முன்னால் வந்து இறங்கியது. "பெரியம்மா, உங்கள் பிள்ளையைக் கரையேற்றத்தான் இவர்கள் வந்திருக்கிறார்கள். தயவுசெய்து தாங்கள் சற்று விலகி நின்றால் உபகாரமாக இருக்கும்" என்று பணிவாகச் சொன்னது.

யானையின் காது தழைந்தது. "இப்படிச் சொன்னால் கேட்கமாட்டேனா?" என்று பின்வாங்கி, புளியமரத்தடியில் போய் நின்றது.

ஆட்கள் மளமளவென்று மண்ணைச் சரித்தார்கள். குட்டி தத்தித் தத்தி மேலே வந்து, நேராகத் தாயின் காலடிக்கு ஓடியது. பிறகு உடம்பைச் சிலுப்பியது பாருங்கள், பயணிகள், காவலர், மைனா, குருவி என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோர் மேலும் சேறு. சேற்றைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் எல்லோரும் சிரித்தார்கள். பூவாயியின் சிரிப்புத்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது.

கேட்பவர் யார், நேரம் என்ன என்று பார்த்துச் சொல்லும் சொல்லே நல்ல சொல்.