யானை மிதித்த வருமானம்

மலையூர் அரசரின் பட்டத்து யானை சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. நேரே பேச்சியம்மையின் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்தது. அகத்தித் தழை என்றால் அதற்கு உயிர். கொடி படர நட்டிருந்த அகத்தியை எல்லாம் பிடுங்கித் தின்றது. மிச்சத்தை மிதித்தது. தோட்டம் காலி.

பேச்சியம்மை வழக்குப் போட்டாள். அரசர் நியாயஸ்தர். மறுபடி கொடிக்கால் போட நூறு பொன் ஆகும் என்றார்கள். கொடுத்துவிட்டார். வழக்கு முடிந்தது.

எங்கே முடிந்தது? வாசலிலேயே மறித்தார் வரி அதிகாரி அனந்தப்பர். "பணம் வந்தால் வருமானம். ஆறில் ஒன்று வரி. எடு."

"சாமி, கொடி வாங்கவும் கூலிக்குமே இது சரியாப் போயிரும். குறைஞ்சா அந்த அளவுக்கு நிலம் தரிசுதான்."

"அது உன் பாடு. நாளைக்குச் சபையில் கட்டு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை மருதவாணர் பார்த்தார். சபையில் எப்போதும் பாதித் தூக்கத்தில் இருக்கும் மந்திரி. அன்று தூக்கம் கலைந்துவிட்டது. அனந்தப்பரோடு வாதாடி வாயை வீணாக்குவானேன்? ஊருக்குள் ஒரு நடை போய்வந்தார்.

மறுநாள் அரண்மனை வாசலில் ஒரே கூட்டம். "யானையை என் வாழைக்கு அனுப்புங்க!" "என் கரும்புக்கு முதல்ல!"

"என்னய்யா கூத்து இது?" என்றார் அரசர்.

"புதுத் தொழில், அரசே. யானை மிதிக்கும், நீங்கள் பொன் கொடுப்பீர்கள். அது வருமானம் என்று அனந்தப்பரே சொல்லிவிட்டார். யாருக்குத்தான் ஆசை வராது? வரி கட்டவும் தயாராம்" என்றார் மருதவாணர்.

அனந்தப்பர் மீசையைத் தடவினார். "கைக்கு வந்தால் வருமானம்தான், அரசே."

"அப்படியானால் முதல் யோகம் இவருக்கே" என்றார் மருதவாணர். "ஆற்றங்கரையில் இவர் அப்பா வைத்த மாந்தோப்பு இருக்கிறதே, அங்கே யானையை அனுப்பிவிட்டேன்."

அனந்தப்பரின் தலைப்பாகை நழுவியது. "ஐயோ! என் தோப்பு போச்சே!"

"அதனால் என்ன? பொன் வருமே!"

"யோவ், போனதுக்குத்தானே அந்தப் பொன் ஈடு? அதில் எனக்கு என்னய்யா வருமானம்?"

அனந்தப்பர் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பயன்?

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "பேச்சியம்மைக்கு வரி இல்லை! மருதவாணரே, ஓடிப்போய் யானையை நிறுத்தும்!"

"எதற்கு ஓட? அது கொட்டடியில் படுத்துக் கிடக்கிறது. அத்தனை அகத்தியையும் தின்றால் பேதியாகாதா?"

அரசர் சிரிப்பு அடங்காமல் தம் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். மருதவாணர் அதை அனந்தப்பர் முன்னால் நீட்டினார்.

"நான் எதையும் இழக்கவில்லை. இதுதான் ஐயா வருமானம். ஆறில் ஒன்றை எண்ணி எடுத்துக்கொள்ளும்."