ஐந்து ஆமைகளின் தீர்ப்பு

குளத்தின் வடகரையில் ஒரு கௌதாரி நான்கு குஞ்சுகளோடு வாழ்ந்து வந்தது. அந்தக் காட்டுக்கு நரிதான் தலைவர். தேர்தல் நெருங்கியதும் அது ஒரு புதுச் சட்டம் போட்டது.

"தேர்தல்ல நிக்கிறவங்களுக்கு யார் வேணும்னாலும் தேனடை கொடுக்கலாம்! இலையில பொட்டலமா கட்டிக் கொடுத்தாப் போதும். கொடுத்தவங்க பேரு வெளியே தெரிய வேண்டியதில்லை!"

நரியின் குகை வாசலில் பொட்டலங்கள் குவிந்தன. அது காடு முழுக்க விருந்து போட்டு ஜெயித்தது. மறுநாளே கௌதாரியை விரட்டிவிட்டு வடகரையை எருமைகளுக்குக் கொடுத்துவிட்டது! குஞ்சுகள் தண்ணீருக்குத் தூரத்து ஓடைவரை நடக்க வேண்டியதாயிற்று. வழியில் பருந்து வேறு.

கௌதாரி ஆமை நீதிபதியிடம் ஓடியது.

"ஐயா, 'ஓட்டுப் போடுறவங்களுக்கு எல்லாம் தெரியணும்'னு பாறையில நம்ம மூத்த சட்டம் இருக்கே! பொட்டலச் சட்டம் அதுக்கு விரோதம் இல்லையா?"

"பேரு தெரிஞ்சா, தோத்தவங்க போய்க் கொடுத்தவங்களைக் கடிச்சு வைப்பாங்களே! பாவம் இல்லையா?" என்றது நரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆமை பெருமூச்சு விட்டது. "பாறைச் சட்டத்தைப் பத்தின கேள்வியாச்சே! நான் ஒருத்தன் சொல்ல முடியாதும்மா. அஞ்சு ஆமைங்க சேர்ந்து உக்காரணும்."

ஆமைகள் ஆமை நடையில்தானே வரும்? நான்காவது வந்து சேர்ந்தபோது முதலாவது பசிக்கிறதென்று மேயப் போயிருந்தது. கௌதாரி தினமும் வந்து காத்திருந்து திரும்பியது. கால் ஓய்ந்தது, பிறகு மனமும் ஓய்ந்தது. அதற்குள் இரண்டு குஞ்சுகளைப் பருந்து தூக்கிப் போய்விட்டது. நரி அடுத்த தேர்தலிலும் ஜெயித்துவிட்டது.

ஒருவழியாக ஐந்தும் உட்கார்ந்தன.

"பொட்டலச் சட்டம் செல்லாது! பேரையெல்லாம் சொல்லு!"

நரி முனகிக்கொண்டே சொன்னது. அத்தனை பேரும் எருமைகள்! காடே ஆரவாரம் செய்தது.

"அப்போ வடகரை எனக்குத் திரும்பக் கிடைக்குமா ஐயா?"

"நீ கேட்டது பேரைத்தானேம்மா? அதான் கிடைச்சாச்சே!"

"அந்தத் தேனடையை வச்சு நரி ஜெயிச்சது?"

"ஜெயிச்சது ஜெயிச்சதுதான். கரை வேணும்னா தனியா வழக்குப் போடு. அதுக்கும் அஞ்சு பேரு உக்காரணும்."

கௌதாரி திரும்பிப் பார்த்தது. மூன்று ஆமைகள் ஏற்கெனவே வீட்டுக்குக் கிளம்பியிருந்தன. அதற்கு அழக்கூடத் தெம்பில்லை. மிச்சமிருந்த இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து பெரிதாகியிருந்தன. அவற்றைக் கூட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தது.

பறிபோனதை மீட்டுத் தராமல் தாமதித்து வரும் நியாயத்தால், பறித்தவனுக்கே லாபம்.